ஏழாவது வார்டு இருமல்

காலைக் கொஞ்சம் அக்கட்ட வெச்சுக்குங்க தம்பி. அந்தச் சாக்கை மிதிச்சுப் போடாதீங்க. உள்ள என்னங்களா? அதைக் கடைசியில சொல்றேன். கண்டக்டரு ஏற்கெனவே ஒரு பாட்டுப் பாடிட்டுப் போயிட்டான், லக்கேஜு அது இதுன்னு. நான் யாருன்னு அவனுக்குத் தெரியல. எங்க ஓடைக்காட்டூர்ல வந்து கேளுங்க, கவுன்சிலர் கிட்டுசாமின்னா தெரியாத ஆளே கிடையாது.

ஆமாங்க, கவுன்சிலருதான். கவர்ன்மெண்டுக் கணக்குல பார்த்தா எங்க வூட்டுக்காரிதான் கவுன்சிலர், மரகதமணின்னு. அது ஒரு கணக்குக்குங்க. அந்த ஏழாவது வார்டை நான் பத்து வருசமாப் பதமாக்கி வெச்சிருந்தேன். எழவு வூடுன்னா மொத ஆளாப் பந்தல்ல நிப்பேன். கல்யாணம்னா எலை எடுக்கற வரைக்கும் நிப்பேன். எல்லாம் பழுத்து வர்ற நேரத்துல அதைப் பொம்பளைங்க வார்டுன்னு மாத்திப் போட்டாங்க. என்ன பண்றது, அவளைக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்துப் போடச் சொன்னேன். போஸ்டர்ல அவ படம் ஸ்டாம்பு அளவு, நான் கும்புட்டுட்டு நிக்கிற படம் ஆள் உசரம். சனங்க யாரைப் பார்த்து ஓட்டுப் போட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க பேரூராட்சியில இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. பாதிக்கு மேல பொம்பளைக் கவுன்சிலருங்கதான். மீட்டிங் ஹால்ல அவங்க மேசையச் சுத்தி உக்காருவாங்க. வூட்டுக்காரருங்க நாங்க செவுத்தோரமா வரிசையா சேர் போட்டு உக்காந்துக்குவோம். சட்டப்படி நாங்க வாயத் தொறக்கக் கூடாதாம். தொறக்கவே வேண்டியதில்லீங்க, ஆளுக்கொரு முறை வெச்சிருந்தோம். மூணாவது வார்டு பொன்னுரங்கம் சாவிக்கொத்தை ஆட்டுனா அவரு சம்சாரம் கை தூக்கும். பதினொண்ணாவது வார்டு வாத்தியாரு கண்ணாடியக் கழட்டுனா அவரு சம்சாரம் கை தூக்கும். எனக்கு இருமல். ஒரு இருமல்னா கையத் தூக்கு, ரெண்டு இருமல்னா சும்மா இரு. ரெண்டரை வருசம் ஒரு தப்பு நடக்கல. ரோடு, சாக்கடை, தெருவெளக்கு எல்லாம் அந்த இருமல்லதான் பாஸாச்சு.

அப்படி நல்லாப் போயிட்டு இருந்த ஊருக்குள்ளதான் இந்தக் கீரைக் கூட்டம் வந்துச்சு.

கீரைக் கூட்டம்னா, ஹவுசிங் போர்டு காலனிப் பொம்பளைங்கதான். தமயந்தின்னு ஒருத்தி, பனியன் கம்பெனியில தைக்கிறவ, அவதான் தலைவி. கூட ஒரு காலேஜுப் புள்ளை. ஒரு நா காலையில பத்துப் பதினஞ்சு பேரு எங்க வூட்டு முன்னால வந்து நிக்கிறாங்க. நான் சேர்ல காலு மேல காலு போட்டுட்டு, என்னம்மா வேணும்னு கேட்டேன். பழைய சந்தைப்பேட்டைக் கொட்டகை சும்மாதானே கெடக்குது, அதை வெள்ளாமை பண்றவங்களுக்கு வுடணுமாம். சுத்துப்பட்டுல வெளையற கீரை, காய், கம்பு, ராகி எல்லாம் தெனமும் காலையில அங்கயே வந்து எறங்கணுமாம். கொண்டு வர்றவங்ககிட்டச் சுங்கம் வாங்கக் கூடாதாம். கவுன்சில்ல அதுக்குத் தீர்மானம் போடணுமாம்.

நானும் பொறுமையாத்தான் கேட்டேன். உடனே அந்தக் காலேஜுப் புள்ளை ஆரம்பிச்சுருச்சு. நம்மூருக் காய் லாரியேறி மார்க்கெட்டுக்குப் போயி, அங்கிருந்து மறுபடியும் லாரியேறி நம்மூருக்கே வருதாம். அந்தப் பொகையில வானம் கெட்டுப் போகுதாம். மழை தப்பிப் போச்சாம். கம்பு சோளத்துக்குத் தண்ணி கம்மியாப் போதுமாம், ஒடம்புக்கும் நல்லதாம். காலநிலைக்கு ஏத்த சாப்பாடாம் தம்பி. எங்காச்சும் கேட்டிருக்கீங்களா? வானத்த ரிப்பேர் பண்றதுக்கு ஓடைக்காட்டூர் பேரூராட்சி!

நான் கேட்டேன், ஏம்மா, நீ கீரை தின்னா மழை வருமா, கூழு குடிச்சா வெயில் கொறையுமான்னு. நம்ம பசங்க நாலு பேரு இருந்தாங்க, எல்லாம் சிரிச்சாங்க. அந்தப் புள்ளை சிரிக்கல. "ஐயா, நாங்க கவுன்சிலர் அம்மாவைப் பார்க்க வந்தோமுங்க"ன்னு சொல்லுச்சு. என் வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, என்னைப் பார்த்து. என்ன லொள்ளு பாருங்க.

மரகதமும் உள்ள இருந்து வந்தா. தண்ணி கொண்டுவந்து குடுத்தா. நின்னுட்டே இருக்கீங்களேன்னு பாய எடுத்துப் போட்டா. அப்புறம் ஏதேதோ கேட்டா, காலனியில காய்க்கடை ஒண்ணுகூட இல்லையா, புள்ளைங்க காலையில என்ன தின்னுட்டுப் பள்ளிக்கூடம் போகுதுங்கன்னு. பொம்பளைங்க கூடுனா அதானே பேசுவாங்க. நானும் பெருசா எடுத்துக்கல.

விசயம் என்னன்னா தம்பி, அந்தக் கொட்டகைய நான் ஏற்கெனவே ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சு. என் தங்கச்சி வூட்டுக்காரரு, மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி, பேக்கரி வெச்சிருக்காரு. கண்ணாடி போட்டு, ஏசி மாட்டி, முட்டைப் பப்ஸு, கேக்கு, கோன் ஐஸுன்னு பெருசாப் பண்ணணும்னு ஆசை. காலனிக்கு நேர் எதுக்கால அந்த எடம். கவுன்சில்ல லீசுக்கு எடுத்துத் தர்றது என் பொறுப்புன்னு, தங்கச்சி முன்னால வாக்குக் குடுத்துட்டேன். பொறந்தவளுக்குக் குடுத்த வாக்குங்க. அதுல இருந்து எறங்குனா நான் என்ன மனுசன்? ஊருக்கும் பெருமை. பஸ்ஸுல வர்றவன் ஏசி பேக்கரியப் பார்ப்பானா, கீரைக் கட்டப் பார்ப்பானா?

அந்தப் பொம்பளைங்க விடலீங்க. பதினஞ்சு வார்டுக்கும் போனாங்க. எல்லா வூட்டுலயும் ஆம்பளைங்கதான் பதில் சொன்னோம். டீக்கடையில நாங்க சேர்ந்தா இதே பேச்சுத்தான். பொன்னுரங்கம் கேப்பாரு, என்னங்க, உங்க வூட்டுக்கு மழை வந்துச்சான்னு. வாத்தியாரு சொல்வாரு, எங்க வூட்டுக்குத் தூறல் போட்டுட்டுப் போச்சுன்னு. பேரூராட்சித் தலைவரு அதுக்கும் மேல, அடுத்த தேர்தல்ல முருங்கைக்கீரைச் சின்னம் கேக்கப் போறாங்கன்னு சொன்னாரு. வயித்த வலிக்கிற மாதிரி சிரிச்சோம். அப்புறம் திடீர்னு அந்தக் கூட்டம் யார் வூட்டுக்கும் வர்றதை நிறுத்திருச்சு. அடங்கிட்டாங்கன்னு நெனச்சோம். பொம்பளைங்க ரோசம் எத்தனை நாளைக்குங்க?

அப்புறம் ஆடி மாசம் வந்துச்சு. எங்க மாரியம்மன் கோயில்ல ஆடி வெள்ளிக்குக் கூழு ஊத்துவாங்க. கூழு காய்ச்சற கொட்டகைக்குள்ள ஆம்பளை காலு வெக்கக் கூடாது, அது எங்க ஊரு முறை. மரகதம் ஒவ்வொரு வெள்ளிக்கும் போனா. மூணாவது வார்டு, பதினொண்ணாவது வார்டு, எல்லாக் கவுன்சிலர் பொம்பளைங்களும் போனாங்க. விடியறதுக்கு முன்னாடி போனா வெயிலேறித்தான் வருவா. சேலையெல்லாம் பொகை நாத்தம், மூஞ்சி மட்டும் தெளிவா இருக்கும். சரி, வயசாகுது, பக்தி முத்திப் போச்சுன்னு நெனச்சேன். காலனிப் பொம்பளைங்க கம்பு மூட்டையோட வந்தப்பக்கூட, அம்மனுக்குத் தானே குடுக்கறாங்கன்னு நானே எறக்கி உள்ள அனுப்பி வெச்சேன். வாசல்ல சேர் போட்டு உக்காந்து, ஒரு ஆம்பளை உள்ள போகாமப் பார்த்துக்கிட்டதும் நான்தான். தலைவரு எட்டிப் பார்த்தாரு, அவரையே விடல. முறைன்னா முறைதானுங்க.

கூழு நல்லாத்தான் இருந்துச்சு. சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு ரெண்டு சொம்பு குடிச்சேன். அது பிரசாதம், அது வேற.

இதுக்கு நடுவுல எனக்குச் சக்கரை கொஞ்சம் எறங்குச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு, சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களான்னு கேட்டாரு. நான் எதை மாத்துனேன்? வூட்டுல தோசைதான், கொஞ்சம் கருக்குன்னு இருக்கும், மாவு புளிச்சுப் போச்சுன்னு மரகதம் சொல்லுவா. நீங்க குடுத்த மாத்திரை நல்ல மாத்திரைங்கன்னு டாக்டருகிட்டச் சொல்லிட்டு வந்தேன்.

மீட்டிங் நா வந்துச்சு. சந்தைப்பேட்டைக் கொட்டகையப் பேக்கரிக்கு விடற தீர்மானம் அன்னைக்குத்தான். காலையிலயே மரகதத்துகிட்டச் சொன்னேன், இன்னைக்கு ஒரே இருமல்தான், கேட்டதும் கையத் தூக்கிருன்னு. சரிங்கன்னா. கருக்குன்னு ரெண்டு தோசை வெச்சா. மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டுட்டு ஆபீசு வாசல்ல நின்னுட்டு இருந்தாரு. எல்லாருக்கும் பப்ஸு கொண்டு வந்திருந்தாரு. கீரைக் கூட்டமும் வந்து ஹால் பொறத்தால கம்முனு நின்னுச்சு.

தலைவரு தீர்மானத்தப் படிச்சாரு. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு. நான் இருமுனேன்.

மரகதம் மேசையப் பார்த்துட்டு இருந்தா.

காதுல விழுகலன்னு நெனச்சு இன்னொருக்கா இருமுனேன். இருமுன பொறகுதான் தோணுது, ரெண்டாயிருச்சே, ரெண்டுன்னா சும்மா இருன்னு அர்த்தமாச்சே! சரி, மூணாவதா ஒண்ணு இருமுனேன். மூணுக்கு என்ன அர்த்தம்னு நாங்க பேசி வெச்சுக்கவே இல்லை. முந்துன ரெண்டையும் கழிச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கணும்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? சேந்தாப்ல நாலஞ்சு இருமுனேன். பக்கத்துல பொன்னுரங்கம் சாவிக்கொத்தைக் கோயில் மணியாட்டம் ஆட்டறாரு. வாத்தியாரு கண்ணாடியக் கழட்டறாரு, மாட்டறாரு, கழட்டறாரு. மேசையில ஒரு பொம்பளைக் கை எந்திரிக்கல. தலைவரு எங்க வரிசையப் பார்த்து முழிக்கறாரு.

அப்பத்தான் மரகதம் எந்திரிச்சா. எந்திரிச்சு, எல்லாருக்கும் கும்புடு போட்டுட்டு, அமைதியாச் சொன்னா. "தலைவருங்க, எங்க வூட்டுக்காரருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. பாவமுங்க. யாராச்சும் வெளிய கூட்டிட்டுப் போயி சுடுதண்ணி குடுங்க."

பியூன் ராசு வந்து என் கையப் புடிச்சான். மெதுவா, எழவு வூட்டுல புடிப்பாங்களே அந்த மாதிரி. நான் என்ன சொல்றது? எனக்கு இருமல் இல்லைன்னு சொன்னா, அப்புறம் எதுக்கு இருமுனேன்னு கேப்பாங்க. இருமல் இருக்குன்னா வெளிய போகணும். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? எந்திரிச்சுப் போனேன். வராந்தாவுல நிக்க வெச்சு, மொளகு தட்டிப் போட்ட சுடுதண்ணிய டம்ளர்ல குடுத்தான். குடிங்கய்யா, தொண்டைக்கு நல்லதுன்னான்.

நான் வாய வெக்கறதுக்குள்ள பொன்னுரங்கம் வெளிய வர்றாரு. அவரு சம்சாரம் எந்திரிச்சு, இவரு எங்கியோ அவசரமாப் போகணும் போல, வண்டிச் சாவிய ஆட்டிட்டே இருக்காரு, அனுப்பி வெச்சுருங்கன்னு சொல்லுச்சாம். அவரு பின்னாலயே வாத்தியாரு. அவருக்குக் கண்ணு வலியாம். ஒவ்வொருத்தரா வந்துட்டே இருக்காங்க. கடைசியில செவுத்தோர வரிசை பூராவும் வராந்தாவுல. ராசு எல்லாருக்கும் சுடுதண்ணி ஊத்தறான். உள்ள கதவைச் சாத்திட்டாங்க.

சன்னல் வழியா அவ பேசறது கேட்டுச்சு. ரெண்டரை வருசத்துல அந்த ஹால்ல அவ பேசி நான் கேட்டதே இல்லீங்க. வூட்டுல பேசற அதே கொரல்தான், ஆனா நிறுத்தி நிறுத்திப் பேசறா.

"எங்க வார்டுல புள்ளைங்க கதவைத் தொறந்தா எதுக்கால பாக்கெட்டுத் தீனி தொங்குது. ஒரு கட்டுக் கீரை வாங்கறதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். கீரை வெளையறது நம்ம ஊருல, வாங்கறதுதான் வெளியூருல. மழை முன்ன மாதிரி இல்லை, இருக்கற தண்ணிக்குக் கம்புதான் நிக்கும்னு காடு வெச்சிருக்கறவங்க சொல்றாங்க. வெளைய வெச்சா விக்கறதுக்கு எடமில்லைன்னும் சொல்றாங்க. எடம் நம்மகிட்ட சும்மா கெடக்குது. குடுக்கறதுக்கு நமக்கு என்னங்க கஷ்டம்?"

அதோட நிறுத்தியிருந்தா நான் மன்னிச்சிருப்பேன் தம்பி. நிறுத்தல. "எங்க வூட்டுக்காரருக்கே சக்கரைதானுங்க. நான் சொல்லாமக் கொள்ளாமக் கம்புத் தோசை சுட்டுப் போட்டுத்தான் எறக்கி வெச்சிருக்கேன். சொன்னாத் தின்ன மாட்டாரு. எல்லார் வூட்டுலயும் இப்படி ஒளிச்சு வெச்சுப் போட முடியுமுங்களா?"

ஹால் பூராவும் சிரிப்பு. ஒரு மனுசனோட சக்கரைய சபையில சொல்லலாமா? வராந்தாவுல எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கறாங்க. பொன்னுரங்கம் கேக்கறாரு, ஏனுங்க, உங்களுக்குத் தெரியவே தெரியாதான்னு. தெரியும், தெரிஞ்சுதான் தின்னேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? என் வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு எனக்கே தெரியாதுன்னு சொல்றதா?

பேக்கரித் தீர்மானம் தோத்துப் போச்சு. கொட்டகைய வெள்ளாமைக்காரங்களுக்கு வுடற தீர்மானம் பாஸாயிருச்சு. தலைவரு இருக்கறாரே, காத்து அடிக்கிற பக்கம் சாயற ஆளு, அவரும் கையத் தூக்கிட்டாரு. முருங்கைக்கீரைச் சின்னம்னு சொன்ன அதே வாயில, இது நம்ம பேரூராட்சிக்கே பெருமைன்னு போட்டோவுக்கு நின்னுட்டு இருந்தாரு. மாப்பிள்ளை பப்ஸுப் பெட்டியோட வண்டியேறிப் போனவரு, இன்னைக்கு வரைக்கும் எங்க வூட்டு வாசப்படி மிதிக்கல. தங்கச்சி போன் எடுக்கறதில்லை. எனக்கு அதுதாங்க வேதனை. ஊரு சிரிச்சதுகூடப் பெருசில்லை. பொறந்தவ முன்னால வாக்குக் குடுத்துட்டு, ஒரு கையத் தூக்க வெக்க முடியாத ஆளாயிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் வூட்டுக்கு வந்தா. நான் மூஞ்சியத் திருப்பிட்டு உக்காந்திருந்தேன். கத்தணும்னு எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அவ வந்து என் நெத்தியில கைய வெச்சுப் பார்த்துட்டு, "இருமல் தேவலைங்களா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். அடுப்படிக்குப் போயிட்டா.

என்னைக் கேட்டா, இதெல்லாம் தேவையே இல்லீங்க. அந்தப் பொம்பளைங்க மொதல்லயே என்கிட்ட வந்து மொறையாக் கேட்டிருந்தா நானே முடிச்சுக் குடுத்திருப்பேன். என்னது? வந்தாங்கதான். வந்து கேட்டாங்கதான். நான் சொல்றது மொறையான்னு.

இப்ப அந்தக் கொட்டகையக் காலையில பார்க்கணும் நீங்க. கூட்டம் அலைமோதுது. புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகத் தெரியும். நானும் தெனமும் போறேன். வாங்கறதுக்கு இல்லீங்க, சும்மா மேற்பார்வை. தராசு சரியா இருக்கான்னு ஒரு ஆம்பளை பார்க்க வேண்டாமா? அந்தத் தமயந்தி என்னைப் பார்த்தா, வாங்கய்யா, இன்னைக்குத் தண்டுக்கீரை எளசா வந்திருக்குதும்பா. நான் பதில் பேச மாட்டேன். கீரைய மட்டும் வாங்கிக்குவேன்.

சாக்குல என்னன்னு கேட்டீங்களே. கம்பு வெதைங்க. கீழ சின்னப் பையில கீரை வெதை. அடுத்த பட்டத்துக்கு இன்னும் நாலு காட்டுக்காரங்க கம்பு போடறேன்னாங்களாம், நல்ல வெதை வேணுமாம். சும்மாதானே இருக்கீங்க, சந்தைக்குப் போயி வாங்கிட்டு வாங்கன்னா மரகதம். அவ சொன்னதுக்காகப் போகல. பொம்பளைங்களுக்கு வெதை பார்த்து வாங்கத் தெரியாது, ஏமாத்திருவாங்க. அடுத்த தேர்தல் வரட்டும், வார்டு பொதுவுக்கு மாறிரும்னு பேசிக்கறாங்க. அப்ப நானே நேரா நிப்பேன். போஸ்டர்ல அவ படம்கூட வேண்டியதில்லை.

இருங்க, போன் அடிக்குது.

அலோ. ஆமாங்க, கவுன்சிலர் நம்பருதானுங்க. கட்சி ஆபீசுங்களா, சொல்லுங்க. இல்லீங்களே, அவங்க மீட்டிங்குல இருக்காங்க. என்னங்க? அடுத்த தேர்தலுக்கா? அவங்க பேரையே போடறதாப் பேசி முடிச்சாச்சுங்களா? பொது வார்டா இருந்தாலுங்களா? சரிங்க. சரிங்க. சொல்லிடறேனுங்க. நானுங்களா? நான் அவங்க வூட்டுக்காரரு பேசறேன்.

இல்லை தம்பி, தண்ணியெல்லாம் வேண்டாம், பாட்டில வெச்சுக்குங்க. ஒண்ணுமில்லை, சும்மா வர்ற இருமல்தான். இதுக்கெல்லாம் இப்ப யாரும் கை தூக்கறதில்லை.